லேவியராகமத்தைத் தாண்டிக் குதிக்கலாமா? (தினசரி வேத வாசிப்பு)

பாளை_தென்றல் | திங்கள், இரவு 9:40

பைபிளை ஜனவரி முதல் தேதி ஆதியாகமம் 1-ல் தொடங்குகிறவர்களில் எத்தனை பேர் டிசம்பரில் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத் தொடுகிறார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. எடுக்காதவரை எல்லாருக்கும் மரியாதை.

கணக்கு எளிதுதான். மொத்தம் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் 52 வாரத்தில் முடிந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. கதை இருக்கிறது, ஓடிவிடும். ஜனவரி கடைசி வாரம் மூன்றாம் புத்தகமான லேவியராகமம் வந்து நிற்கும். பலியும் தீட்டும் பற்றிய சட்டங்கள்: கொழுப்பு, குண்டிக்காய், தோலில் வெள்ளைத் தடிப்பு, வஸ்திரத்தில் தோஷம். புது வருஷ ஆராதனையில் இருந்த உற்சாகம் பிப்ரவரியில் யாருக்கும் இருப்பதில்லை.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும், எதையும் தாண்டக் கூடாது. ஆனால் ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாலு வருஷம் ஆனால் ஆகட்டும். காலண்டர்தான் நம்மை லேவியராகமத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. புத்தகத்தின் மேல் தப்பில்லை.

ஏன் தாண்டக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். லேவியராகமம் 12-ல் பிள்ளை பெற்ற தாய் ஒரு ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு புறா கொண்டுவந்தால் போதும். இப்போது லூக்கா 2:24-க்கு வாருங்கள். மரியாளும் யோசேப்பும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எருசலேமுக்கு வருகிறார்கள். லூக்கா பறவைகளை மட்டும் சொல்கிறார், ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘அவர்கள் ஏழைகள்’ என்றும் எழுதவில்லை. லேவியராகமத்தைத் தாண்டினவனுக்கு அது வெறும் பறவைக் கணக்காகத்தான் தெரியும்.

நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?

நீலவானம் | திங்கள், இரவு 10:15

அண்ணா, நாலு வருஷம் என்று சொன்னால் நான் நாற்பது வருஷம் ஆக்கிவிடுவேன். எனக்கு ஆப் இருப்பதால்தான் வாசிப்பே நடக்கிறது. ஹாஸ்டலில் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ‘இன்று வாசிக்கவில்லை’ என்று போன் சிணுங்கும், எழுந்து உட்கார்ந்து வாசிப்பேன். அது பக்தியா பயமா என்று கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனம் சுற்று வரும். நானும் தம்பியும் அதிகாரம் தொடங்கும்போதே விரல் விட்டு எண்ணி, யாருக்கு எந்த வசனம் விழும் என்று கணக்குப் போட்டுவிடுவோம். நீளமான வசனம் தனக்கு வந்தால் தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து போவான். 1 நாளாகமத்தில் பெயர்ப் பட்டியல் வந்த வாரம் அம்மாவே சிரித்துவிட்டார். மனசில் நின்றதா என்றால், வசனம் நின்றதைவிட அந்தச் சுற்றுதான் நின்றது. ஆனால் இன்றைக்கும் ஒரு பெயரைத் திக்காமல் வாசிக்கிறேன் என்றால் அதனால்தான்.

அப்புறம் எண்ணாகமம் 7. மன்னிக்கவும். பன்னிரண்டு பிரபுக்கள் பன்னிரண்டு நாள் அதே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள்: 130 சேக்கல் வெள்ளித்தட்டு, 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன்கரண்டி (சேக்கல் என்பது அந்தக் கால எடை). அச்சு அசலாகப் பன்னிரண்டு தடவை. 89 வசனம். ‘மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாமே?

பழைய_அல்மனாக் | செவ்வாய், காலை 6:05

நீலவானம், அந்த ஒரு வரிதான் இல்லை என்பதுதான் அங்கே விஷயம். நம் ஊர் அசனப் பண்டிகையில், அதாவது சபை விருந்தில், நன்கொடைப் பட்டியலை மைக்கில் வாசிக்கும்போது ‘மற்றும் பலர்’ என்று விட்டுப்பாருங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பதில் சொல்லி மாளாது. பன்னிரண்டாம் நாள் வந்தவன் பெயரும் முதல் நாள் வந்தவன் பெயருக்கு ஈடாக எழுதப்பட்டிருக்கிறது.

திட்டம் போட்டு வாசிப்பது பற்றிக் கொஞ்சம் பழங்கதை. 1549-ல் இங்கிலாந்துப் பேராயர் கிரான்மர் தயாரித்த ஜெபப் புத்தகத்தில் சங்கீதம் 150-ஐயும் காலை மாலை என்று பிரித்து, மாதத்துக்கு ஒருமுறை முடிக்க வைத்தார். ஸ்காட்லாந்தில் டண்டீ ஊரில் ராபர்ட் மர்ரே மெக்செயின் என்ற இளம் போதகர் 1842-ல் தன் சபைக்கு ஓர் அட்டவணை கொடுத்தார். நாளுக்கு நான்கு அதிகாரம். வருஷத்தில் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை, மற்றதெல்லாம் ஒரு தடவை. இன்றைக்கும் உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகிறார்கள். அதே தாளில் அவர் ஆபத்துகளையும் எழுதினார் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை: சடங்காகிவிடும், சுயநீதி வரும், கவனமில்லாமல் வாசிப்பீர்கள், சுமக்க முடியாத நுகமாகிவிடும். அட்டவணை போட்டவருக்கே அது தெரிந்திருந்தது. மறு வருஷம் 29 வயதில் இறந்துபோனார்.

இன்னொன்று. நாம் எண்ணுகிற அதிகாரமே பிற்காலத்து ஏற்பாடு. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்கள் 1551-ல் அச்சுக்காரர் ராபர்ட் எஸ்தியென் போட்டவை. சில இடத்தில் கத்தி தப்பாக விழுந்திருக்கிறது. ஏசாயா 53 என்று நாம் மனப்பாடம் செய்கிற பகுதி உண்மையில் 52:13-ல் தொடங்குகிறது. ‘இன்றைக்கு 52-உடன் நிறுத்திக்கொள்வோம்’ என்றால் பாதி வாயில் நிறுத்துகிறோம்.

ஷிப்ட்_மனிதன் | செவ்வாய், பிற்பகல் 3:20

நான் வாசிப்பதில்லை, கேட்கிறேன். ஓசூர் பக்கம் வேலை. முதல் ஷிப்டுக்கு விடியற்காலை கம்பெனி பஸ். காதில் மாட்டிக்கொண்டால் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு அதிகாரம். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு பெரியவர் ‘அது கணக்கில் வராது’ என்கிறார். வருமா வராதா?

லேவியராகமம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. 19-ஆம் அதிகாரத்தில் கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று வரும். எங்கள் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எப்போது சம்பளம் வரும் என்று மேஸ்திரிக்கே தெரியாது. அன்றைக்கு பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இருந்தவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் கிறிஸ்தவர் இல்லை. ஒரு பக்கத்து இயர்போனை அவருக்குக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, ‘இதை யார் சொன்னது?’ என்றார். ‘சாமி’ என்றேன். ‘ஓனருக்குப் போட்டுக் காட்டு’ என்றார்.

பழைய_அல்மனாக் | செவ்வாய், மாலை 5:50

அந்தப் பெரியவரிடம் நெகேமியா 8-ஐக் காட்டுங்கள், தம்பி. எஸ்றா விடியற்காலம் தொடங்கி மத்தியானம்வரை வாசிக்கிறார், ஜனங்கள் நின்றுகொண்டு கேட்கிறார்கள், லேவியர் அர்த்தம் சொல்கிறார்கள். அங்கே ஒருவர் கையிலும் சொந்தப் பிரதி கிடையாது. பவுலின் நிருபமும் சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டதுதான். கொலோசெ சபைக்கு எழுதினதை அங்கே வாசித்து முடித்ததும் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் சொல்கிறார். தனியறையில் ஆளுக்கொரு புத்தகம் என்பது அச்சு வந்த பிறகு வந்த வசதி. உங்களுடையதுதான் பழைய முறை.

தவக்கால_வாசகன் | செவ்வாய், இரவு 8:30

நான் கத்தோலிக்கன், திருச்சி. எங்களுக்கு இந்த ஜனவரி-பிப்ரவரி பிரச்சினை இல்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சி: ஒரு வருடம் மத்தேயு, ஒரு வருடம் மாற்கு, ஒரு வருடம் லூக்கா, யோவான் இடையிடையே. வாரநாள் முதல் வாசகம் இரண்டு ஆண்டுச் சுழற்சி. எனக்குப் பிடித்ததும் எனக்குத் தேவையானதும் என் கையில் இல்லை என்பதுதான் இதில் நல்ல விஷயம். தவக்காலம் முதல் வாரம் திங்கட்கிழமை லேவியர் 19-ஐயும் மத்தேயு 25-இன் ‘பசியாய் இருந்தேன்’ பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஷிப்ட்_மனிதன் சொன்ன அதே கூலி வசனம் அன்றைய வாசகத்தில் உண்டு.

ஆனால் பாளை அண்ணன் சொல்கிற ‘தாண்டுவது’ எங்களிடமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். திருப்பாடல் 137 (நீங்கள் சங்கீதம் என்பது) தவக்காலத்தில் வரும்போது ஆறாம் வசனத்துடன் நின்றுவிடும். குருக்களும் துறவிகளும் தினமும் சொல்கிற ஜெபநூலான திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று பாடல்களையும் 1971-லேயே எடுத்துவிட்டார்கள். வாசகத்தை மட்டும் நம்பியிருப்பவனுக்கு அந்த இடங்கள் இருப்பதே தெரியாது. நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் 137-ஐ முழுதாக வாசித்தேன்.

கேள்விக்காரன் | செவ்வாய், இரவு 11:10

எனக்குச் சபையும் இல்லை, கோயிலும் இல்லை. இருந்தாலும் இந்த இழையை ஆர்வமாகப் படிக்கிறேன். 137-இன் கடைசி வசனத்தை இப்போது தேடிப் படித்தேன். பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்கிறது. காலையில் காபியுடன் இதை வாசித்துவிட்டு நீங்கள் எல்லாரும் எப்படி ஆபீஸ் போகிறீர்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9:00

எந்த மொழிபெயர்ப்பு சரி என்று வந்த நான்கு பதிவுகளை அதற்கான இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே ஏற்கெனவே 200 பதிவுகள் இருக்கின்றன, தனிமையாக உணர மாட்டீர்கள். கேள்விக்காரனின் கேள்வி இங்கேயே இருக்கட்டும்.

நாஞ்சில்_டீச்சர் | புதன், மாலை 4:45

கேள்விக்காரன் தம்பிக்கு என்னிடம் நேர்த்தியான பதில் இல்லை. சன்டே ஸ்கூலில் ஒரு பையன் இதையே கேட்டான், ‘கோபத்தில் சொன்னது’ என்று சொன்னேன். ‘கோபத்தில் சொன்னதை எதற்கு மிஸ் எழுதி வைத்தார்கள்?’ என்றான். நல்ல கேள்வி. நினைத்ததை மறைக்காமல் சொல்கிற ஜெபம் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வதுண்டு. எனக்கு அது முக்கால்வாசி சரியாகப் படுகிறது, கால்வாசி இன்னும் உறுத்துகிறது. உறுத்தட்டும் என்று விட்டிருக்கிறேன்.

நான் வேறொன்று சொல்ல வந்தேன். எண்ணாகமம் 7-ஐத் திட்டின நீலவானம், 27-க்கு வந்தீர்களா? மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். செலொப்பியாத்தின் ஐந்து பெண்மக்கள். அப்பா வனாந்தரத்தில் இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபை அனைவருக்கும் முன்னால் வந்து நின்று, ‘மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும்? எங்களுக்கும் காணி கொடுங்கள்’ என்கிறார்கள். மோசே கர்த்தரிடம் கேட்கிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்று பதில் வருகிறது. சட்டமே மாறுகிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டம். 1956 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர். அங்கே 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. சட்டத்தைப் போட்டவர்களும் அதன்படி சொத்து பிரித்தவர்களும் குடும்ப ஜெபம் செய்தவர்கள்தான். எண்ணாகமம் வீட்டில் இருந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து மேரி ராய் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் தீர்ப்புச் சொல்லும்வரை கேரளப் பக்கம் அதுதான் பேச்சு. என் பாட்டி பைபிளைப் பலமுறை முடித்தவர். 27-ஆம் அதிகாரத்தில் அடிக்கோடு போட்டிருந்தார். மார்ஜினில் ஒன்றும் எழுதவில்லை. ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், இரண்டு கோடு.

தாண்டக் கூடாது என்று பாளை சார் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையாக வாசித்தால் மட்டும் போதாது. வாசிப்பது யார், எந்த வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறார் என்பதும் இருக்கிறது.

நீலவானம் | புதன், இரவு 7:30

டீச்சர், 27-ஐ இப்போதுதான் வாசித்தேன். ஆப்பில் போன மாதமே அதற்கு டிக் விழுந்திருக்கிறது. அந்த ஐந்து பேர் சத்தியமாக என் கண்ணிலேயே படவில்லை.

கரவெட்டி_கனடா | வியாழன், காலை 7:15

டொரண்டோவிலிருந்து. நான் பிந்தி வாறன், குறை நினைக்க வேண்டாம்.

புது வருஷத்தில் ஆளுக்கு ஒரு வசனமாய்த் தட்டில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை எங்கட சபையிலும் உண்டு. எனக்கு எரேமியா 29:11 வந்தது. ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ மேசையில் வைக்க வடிவான அட்டை. பிறகு புத்தகத்தில் அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்தன். அது பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சனத்துக்கு எழுதின கடிதம். 11-க்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று சொல்லியிருக்கு. அதாவது, வாசிக்கிற ஆட்களில் அரைவாசிப் பேர் திரும்பிப் போக மாட்டார்கள். அட்டையில் அது இல்லை.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருத்தர் ‘இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடலாம்’ என்று தேவாலயத்தில் நின்று சொல்லுறார். என்ர அப்பா 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வெளிக்கிட்டவர். ‘இரண்டு வருஷத்தில் எல்லாம் சரிவரும்’ என்றுதான் அப்போது எல்லாரும் கதைத்ததாம். சூட்கேசைக் கட்டிலுக்குக் கீழே பிரிக்காமலே வைத்திருந்த வீடுகளை எனக்குத் தெரியும். எரேமியா சொல்லுறது வேறை: வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வை, நீ இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடு. எதிரியின்ர பட்டணம் அது. அப்பா கடைசிவரைக்கும் பின்வளவில் கத்தரியும் பாகலும் போட்டவர். ஆனால் இந்த ஊருக்காக மன்றாடினதை நான் கேட்டதில்லை.

கேள்விக்காரன் கேட்ட 137-உம் அதே ஆட்களின்ர பாட்டுத்தான். ஆற்றங்கரையில் இருந்து அழுது, பிறகு அந்தக் கடைசி வசனம். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் விளங்காத மாதிரி நடிக்கவும் ஏலாது. வீட்டுக்கு நெருப்பு வைத்ததைப் பார்த்த ஆட்கள் எங்கட விறாந்தையில் இருந்து கதைக்கிறதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறன். ஒரே வேதாகமத்தில் அந்தப் பாட்டும் இருக்கு, எரேமியாவின் கடிதமும் இருக்கு. இரண்டையும் ஒரே சனத்துக்குக் கொடுத்திருக்கு. ஒன்றை மட்டும் அட்டையில் அடித்துத் தந்தால் மற்றது எங்கே போகும்?

கேள்விக்காரன் | வியாழன், பகல் 12:40

கரவெட்டி ஐயா, நன்றி. இதற்கு மேல் நான் வாதாட வரவில்லை.

பாளை_தென்றல் | வியாழன், இரவு 9:15

டீச்சர் சொன்னதையும் கரவெட்டி அண்ணன் சொன்னதையும் வாசித்த பிறகு, நான் தொடங்கின கணக்கு விஷயம் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் விட மாட்டேன். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: பக்கத்து வசனத்தை வாசி. அட்டைக்கு அது வராது, அவசரத்துக்கும் வராது. நீலவானத்துக்கு டிக் விழுந்தும் ஐந்து பெண்கள் தெரியாமல் போனது வேகத்தால்தான். மாதம் ஒரு புத்தகம், அதுவும் முடிந்தால். பெரிய புத்தகத்துக்கு இரண்டு மாதம். இப்படிப் போனால் எப்போது முடியும் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நீலவானம் | வியாழன், இரவு 9:50

அண்ணா, வேகத்தின் மேல் பழி போடாதீர்கள். ஆப் இல்லாவிட்டால் எண்ணாகமம் வரைக்கும் வந்திருக்கவே மாட்டேன். திரும்பிப் போய் வாசிக்க வேண்டிய இடம் எது என்று தெரிவதற்கே ஒரு தடவை ஓடியாக வேண்டும்.

ஷிப்ட்_மனிதன் | வெள்ளி, காலை 5:40

நீலவானம் சொல்வது நியாயம். பஸ் வந்துவிட்டது.

கேள்விக்காரன் | வெள்ளி, இரவு 10:30

ஒரு புது ஆள் எங்கே தொடங்கலாம்? லேவியராகமம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய_அல்மனாக் | வெள்ளி, இரவு 10:55

மாற்கு. 16 அதிகாரம்தான், ஒரே உட்காரலில் முடிக்கலாம்.

நாஞ்சில்_டீச்சர் | சனி, காலை 6:30

ரூத். நாலே அதிகாரம். வயல் ஓரத்தை ஏழைக்கு விடு என்று லேவியராகமம் 19 சொல்வது அங்கே ஒரு மருமகளுக்கும் மாமியாருக்கும் சோறாகிறது. பாளை சாரும் சந்தோஷப்படுவார்.

தவக்கால_வாசகன் | சனி, காலை 8:10

கேள்வி கேட்கிற ஆளுக்கு சபை உரையாளர்தான் பொருத்தம். மற்ற சபையார் பிரசங்கி என்பார்கள். 12 அதிகாரம்.

கேள்விக்காரன் | ஞாயிறு, மாலை 6:20

தவக்கால ஐயா பேச்சைக் கேட்டு பிரசங்கியில் மூன்று அதிகாரம் முடித்தேன். ‘எல்லாம் மாயை’ என்கிறார். மனுஷனுக்கும் மிருகத்துக்கும் ஒரே முடிவுதான் என்கிறார். சாப்பிட்டுக் குடித்து வேலையில் சந்தோஷமாக இரு என்கிறார். இந்த ஆளை எப்படி உள்ளே விட்டார்கள்?

பாளை_தென்றல் | ஞாயிறு, இரவு 9:05

மிச்சம் ஒன்பதையும் முடித்துவிட்டு வாருங்கள் தம்பி, அதற்குத் தனி இழை போடுகிறேன். பத்தாம் அதிகாரத்தில் செத்த ஈயைப் பற்றி ஒரு வசனம் வரும், அங்கிருந்து தொடங்கலாம்.